கொங்கு நகரங்களில் கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு: ஒரு வார்டு மக்கள் கூடிச் செய்யக்கூடியவை

கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் 'டூலெட்' பலகை தொங்காத தெரு அரிது. ஆயினும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் ஒருவரோ, பவுண்டரியில் வார்ப்பு வேலை செய்யும் ஒருவரோ, மருத்துவமனையில் துப்புரவுப் பணி பார்க்கும் ஒரு பெண்ணோ, தம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும் வாடகையில், வேலையிடத்துக்குச் சென்று திரும்பக்கூடிய தொலைவில், தண்ணீரும் கழிப்பறையும் உள்ள ஒரு வீட்டைத் தேடினால் வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. பற்றாக்குறை என்பது வீடுகளின் எண்ணிக்கையில் இல்லை. இந்த மூன்று நிபந்தனைகளும் ஒருசேர அமையும் வீடுகளில்தான் இருக்கிறது. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளாத எந்த முயற்சியும், நகருக்கு வெளியே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு அடுக்குமாடிக் குடியிருப்பைக் கேட்டு மனுக் கொடுப்பதோடு முடிந்துவிடும்.

வீட்டுப் பிரச்சினைக்காகக் கூடும் குழுக்கள் பெரும்பாலும் "நிலம் எங்கே?" என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. சென்ட் கணக்கில் லட்சங்கள் பேசப்படும் ஊரில், புதிய நிலம் வாங்கிக் கட்டும் வீடு எவ்வளவு சிக்கனமாகக் கட்டினாலும், ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய பழைய லைன் வீட்டின் வாடகைக்கு இறங்கி வராது. ஆகவே இப்போது குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் கைநழுவாமல் காப்பது முதல் வேலை, பூட்டிக் கிடப்பவற்றைத் திறக்கச் செய்வது இரண்டாவது வேலை, புதிதாகக் கட்டுவது மூன்றாவது வேலை என்ற வரிசையிலேயே இவ்வழிகாட்டி செல்கிறது.

குழு அமைத்தல்

ஒரு மாநகராட்சி வார்டு சரியான அளவு. கோவையில் 100 வார்டுகளும், திருப்பூரிலும் ஈரோட்டிலும் தலா 60 வார்டுகளும் உள்ளன. ஒரு வார்டுக்குள் இருப்பவர்கள் ஒரே குடிநீர்த் தொட்டியையும் ஒரே பேருந்து நிறுத்தத்தையும் பயன்படுத்துபவர்கள் என்பதால் பேச்சு எளிதில் ஊர்ப்பொதுவான கோபமாகக் கரைந்துவிடாது. பத்துப் பன்னிரண்டு பேர் போதும். வாடகைக்கு இருப்பவர்கள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகிய இருவர், நிலப் பத்திரங்களைப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் அல்லது சர்வேயர் ஒருவர், தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் என்று அமையலாம்.

சிறிய வீட்டு உரிமையாளர்கள் இருவரையாவது குழுவில் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொங்குப் பகுதியில் லைன் வீடு வைத்திருப்பவர் பெரும்பாலும் பெருமுதலாளி அல்லர். மில்லில் விருப்ப ஓய்வு பெற்ற பணத்திலோ, தோட்டத்தின் ஒரு மூலையை விற்ற பணத்திலோ ஐந்து சென்டில் ஆறு அறைகளை எழுப்பி, அந்த வாடகையை ஓய்வூதியம்போல் நம்பி வாழ்பவர். அவரை எதிரியாக நிறுத்தினால், அந்த ஐந்து சென்டை வணிக வளாகம் கட்டுபவருக்கு விற்றுவிட்டுப் போவதே அவருக்கு எளிய வழியாகிவிடும். ஆறு குடும்பங்கள் தெருவில் நிற்கும்.

குழு பணம் வாங்காத வரை பதிவு தேவையில்லை. பணம் கையாளத் தொடங்கும்போது, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு உறுப்பினர்களைக் கொண்டு மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, இருவர் கையெழுத்திட்டாலன்றிப் பணம் எடுக்க முடியாத வங்கிக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

கணக்கெடுப்பு

குழுவின் முதல் மூன்று மாதங்களும் இதற்கே உரியவை. அரசு அலுவலகத்தில் "எங்கள் பகுதியில் வாடகை அதிகம்" என்று சொல்பவரை யாரும் கவனிப்பதில்லை. "எங்கள் வார்டில் இத்தனை லைன் வீடுகள், அவற்றில் இத்தனை குடும்பங்கள், இத்தனை குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறை, கடந்த ஓராண்டில் இடிக்கப்பட்ட லைன்கள் இத்தனை" என்று ஒரு தாளை நீட்டுபவரை உட்காரச் சொல்கிறார்கள்.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அன்று மாலை எந்தக் கதவைத் தட்டினாலும் ஆள் இருக்க மாட்டார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் செல்வதே பயனுள்ளது. கோவையில் பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கத்துத் தொழிற்கூடங்களில் ஷிப்டு முறை இருப்பதால் ஒரே வீட்டுக்கு இருமுறை செல்ல நேரும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் அறைகளுக்கு, இந்தியோ ஒடியாவோ பேசும் ஒரு தொழிலாளியையே உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் கணக்கு பாதிக் கணக்கு. ஓர் அறையில் எட்டுப் பேர் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் வாடகைதான் அந்தத் தெருவில் ஒரு குடும்பம் கொடுக்க வேண்டிய வாடகையையும் தீர்மானிக்கிறது.

கேள்வித்தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, மாத வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, கரண்டுக்கு யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் வீட்டுக்காரர் வாங்குகிறார், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, கழிப்பறையைப் பகிரும் குடும்பங்கள் எத்தனை, எழுத்து வடிவ ஒப்பந்தம் உண்டா, ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை வீடு மாறினார்கள், ஏன் மாறினார்கள், வேலையிடம் எங்கே, போய்வர என்ன செலவு ஆகிறது என்பவை போதும். பெயரையும் சாதியையும் எழுத வேண்டாம்; வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுபவர் வாடகையைக் குறைத்துச் சொல்வார். ஆனால் வீடு தேடும்போது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டு மறுத்தார்களா என்பதைத் தனியாகக் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். நம் பகுதியில் பட்டியல் சாதிக் குடும்பங்களும் இசுலாமியக் குடும்பங்களும் தனித்து வாழும் பெண்களும் பணம் இருந்தும் வீடு கிடைக்காமல் நிற்கும் காரணத்தை எந்த வாடகைப் புள்ளிவிவரமும் காட்டாது.

தெருவை நடந்து எண்ணும்போது பூட்டிய வீடுகளையும், 'விற்பனைக்கு' என்ற பலகை மாட்டிய பழைய லைன்களையும் வரைபடத்தில் தனி நிறத்தில் குறிக்க வேண்டும். அடுத்த ஆண்டு காணாமல் போகப்போகிற வீடுகள் இவைதாம்.

வாடகையைத் தனியாகப் பார்க்காமல் போக்குவரத்தோடு கூட்டிப் பார்ப்பது அவசியம். எடுத்துக்காட்டாக, இருவர் உழைத்து மாதம் 24,000 ரூபாய் ஈட்டும் குடும்பம் நகருக்குள் 7,000 ரூபாய் வாடகையில் வேலைக்கு நடந்து போகிறது என்றும், அதே குடும்பம் புறநகரில் 4,500 ரூபாய் வாடகையில் குடியேறி இருசக்கர வாகனத்துக்குப் பெட்ரோலும் கடன் தவணையுமாக 4,000 ரூபாய் செலவழிக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், குறைந்த வாடகையே கூடுதல் செலவாகிறது. நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் இருப்பதால் பெண்களின் கணக்கு சற்று மாறும்; ஆனால் இரவு ஷிப்டு முடியும் நேரத்தில் அந்தப் பேருந்து உண்டா என்பதையும் குறித்தாக வேண்டும்.

லைன் வீடுகளைக் காப்பது

வரிசையாக ஆறோ பத்தோ வீடுகள், முன்னே ஒரு நீண்ட வாசல், கடைசியில் பொதுக் குளியலறையும் கழிப்பறையும் என்ற இந்த அமைப்பு நூற்பாலைகளோடு வளர்ந்தது. கோவையில் 1888-இல் முதல் நூற்பாலை வந்தபின்னரும், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகியபோதும், ஆலைக் குடியிருப்புகளில் இடம் கிடைக்காதவர்களை ஏற்றுக்கொண்டவை தனியார் லைன்களே. இன்றும் குறைந்த வாடகை வீடுகளைப் பெருமளவில் தருவது அரசு அல்ல, இந்த லைன்கள்தாம். எனவே குழுவின் உழைப்பில் பெரும்பங்கு இங்கேதான் செல்ல வேண்டும்.

குழு உரிமையாளரிடம் முன்வைக்க வேண்டியது ஓர் உடன்படிக்கை. மூன்று ஆண்டுகளுக்கு வாடகை ஒப்பந்தம். ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு மட்டுமே உயர்வு என்று முன்கூட்டியே எழுதுதல். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்குள். சாதி, மதம் கேட்டு மறுப்பதில்லை என்ற வாக்கு. இதற்கு ஈடாக, வாடகை குறித்த தேதியில் வரும் என்பதற்குக் குழு பொறுப்பேற்கும்; காலியாகும் வீட்டுக்குத் தரகர் கூலியின்றி ஆள் தரும்; கழிப்பறை, கூரை, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றின் பழுதுக்கு உறுப்பினர்களிலேயே கொத்தனார், பிளம்பர் இருந்தால் கூலியில் ஒரு பகுதியைக் குறைத்துச் செய்து கொடுக்கும். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடப்பதும், வாடகை பாக்கி வைத்துவிட்டு இரவோடு இரவாகக் காலி செய்வதும் சிறிய உரிமையாளரின் நிலையான அச்சங்கள். அவற்றைத் தீர்ப்பவருக்கு அவர் சில நூறு ரூபாயை விட்டுக்கொடுப்பார். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு தெருவில் இரண்டு லைன்கள் சம்மதித்தாலே அந்தத் தெருவின் வாடகை உயர்வுக்கு ஒரு தடை விழுந்ததுபோல் ஆகும்.

இந்த உடன்படிக்கைக்குச் சட்ட அடிப்படை உண்டு. நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு சட்டம், 2017, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே அந்த அதிகாரி. இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. "வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி" என்ற அந்தச் சிறு வாசல் வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் நுழைகிறது என்பதால், கையெழுத்திடும் முன் அந்த வரியைப் படித்துக்காட்ட ஒருவர் உடன் செல்வது நல்லது. தகராறு வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. காலி செய்ய வைக்க வேண்டுமானால் அவர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும். இதே சட்டம் ஒப்பந்தக் காலம் முடிந்த வாடகைதாரருக்குப் பழைய வாடகைச் சட்டம் தந்த அளவுக்குப் பாதுகாப்பைத் தருவதில்லை. ஆகையால்தான் பதினோரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிலாக மூன்று ஆண்டு ஒப்பந்தம் கேட்க வேண்டும் என்கிறேன்.

மின்கட்டணம் தனியாகப் பேச வேண்டிய பொருள். வீட்டு இணைப்புக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம். எட்டுக் குடும்பங்களுக்கு ஒரே மீட்டர் இருந்தால் அந்த 100 யூனிட்டை எட்டாகப் பங்கிட வேண்டியிருப்பதோடு, மொத்தப் பயன்பாடு உயர்ந்த கட்டணப் படிக்குச் சென்றுவிடுகிறது. பிறகு உரிமையாளர் யூனிட்டுக்கு ஒரு தொகையைத் தாமே நிர்ணயிக்கிறார். தனி வாசலும் தனிச் சமையலறையும் கொண்ட வீடுகளுக்குத் தனித்தனி இணைப்பு கேட்டு உரிமையாளரே மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வைப்புத்தொகைக்கு அவர் கையில் பணம் இல்லையென்றால் வாடகைதாரர்கள் முன்பணமாகக் கொடுத்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். காலப்போக்கில் இந்தச் செலவு திரும்பிவிடும். வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதைவிட இது எளிதாக வெற்றி பெறும் பேச்சு. புதிய குழு இதிலிருந்தே தொடங்கலாம்.

அட்வான்ஸ் நிதி

மாத வாடகையைக் கட்டக்கூடிய குடும்பம் அட்வான்ஸுக்கு வழியின்றிக் கந்துவட்டிக்கு வாங்குவது நாம் அறிந்ததே. உறுப்பினர்கள் மாதம் ஒரு சிறு தொகையைச் சேர்த்து, அட்வான்ஸ் தேவைப்படும் குடும்பத்துக்குக் கடனாகக் கொடுக்கும் நிதி ஒன்றைச் சங்கத்தின் பெயரில் வைக்கலாம். கடன் குடும்பத்தின் கைக்குச் செல்லாமல் நேராக உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குச் செல்ல வேண்டும். வீடு காலி செய்யும்போது அந்தத் தொகை சங்கத்துக்கே திரும்பும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இதைச் சீட்டாக மாற்றும் ஆசை யாருக்காவது வரும். ஏலச்சீட்டு நடத்த 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு வேண்டும்; பதிவில்லாமல் நடத்தினால் குற்றம். வட்டியோ லாபமோ தருவதாக யாருக்கும் சொல்லக்கூடாது. ஈமு கோழி வளர்ப்பு மோசடியில் பணம் போட்டு இழந்த குடும்பங்கள் இன்னும் ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கங்களில் இருக்கின்றன. பொதுப் பணம் என்றாலே மக்கள் இருமுறை யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. மாதந்தோறும் வரவு செலவைத் தெருமுனையில் ஒட்டுவதைத் தவிர அந்த ஐயத்துக்கு வேறு மருந்து கிடையாது.

பூட்டிக் கிடப்பவற்றைத் திறப்பது

1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்புக்குக் கோவையில் உக்கடம், அம்மன்குளம், கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் முதலிய இடங்களில் குடியிருப்புகள் உள்ளன. இவற்றில் எத்தனை வீடுகள் ஒதுக்கப்பட்டன, எத்தனை காலியாக உள்ளன, காலியாக இருப்பதற்குக் காரணம் ஒதுக்கீட்டுத் தாமதமா, பழுதா, ஒதுக்கீடு பெற்றவர் குடியேறாமையா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்க வேண்டும். கேள்வியை "விவரம் தருக" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதிலே வரும். பிளாக் வாரியாக, தளம் வாரியாக, ஒதுக்கீட்டு ஆணைத் தேதியோடு கேட்க வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

ஒதுக்கீடு பெற்றவர் ஏன் குடியேறவில்லை என்பதை மட்டும் எந்தத் தகவல் அலுவலரும் சொல்ல மாட்டார். அதை அந்தக் குடும்பத்தைத் தேடிச் சென்று கேட்க வேண்டும். வேலையிடத்துக்குத் தொலைவு, குழந்தைகளின் பள்ளி, இயங்காத மின்தூக்கி, மாலைக்குப் பின் பேருந்து இல்லாமை ஆகியவையே பெரும்பாலும் காரணமாக வரும். இவற்றில் பேருந்தைக் கேட்பது வீட்டைக் கேட்பதைவிட எளிது. ஒரு வழித்தடத்தில் இரவு பத்தரை மணிக்கு ஒரு பேருந்து வந்தால் சில பத்துக் காலி வீடுகள் வசிக்கத்தக்கவை ஆகும்.

பழைய வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் வேறு வகைச் சிக்கல். சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கு அருகே வாரியம் கட்டிய 960 வீடுகள் சிதைந்து, ஆண்டுக்கணக்கில் மறுகட்டுமானத்துக்குக் காத்திருந்ததை ஊரறியும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானம் செய்ய வழிவகுக்கிறது. ஆனால் அங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்த வாக்கில் இடமில்லை. அத்தகைய குடியிருப்பு உங்கள் வார்டில் இருந்தால், உரிமையாளர் சங்கம் கட்டுநருடன் ஒப்பந்தம் எழுதும் முன்பே, வாடகைதாரர்களுக்கு எத்தனை மாத முன்னறிவிப்பு, அட்வான்ஸ் எந்தத் தேதியில் திரும்பும் என்ற இரண்டையும் தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அப்புறப்படுத்தும் அறிவிப்பு வரும்போது

முதலில் நிலத்தின் வகையை அறிய வேண்டும். நத்தமா, ஆட்சேபணையற்ற புறம்போக்கா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்து அ-பதிவேடு சொல்லும். ஆட்சேபணையற்ற புறம்போக்கில் நீண்டகாலம் குடியிருப்பவர் வரன்முறைப்படுத்திப் பட்டா கேட்கலாம். குளக்கரையிலும் நொய்யல் கரையிலும் உள்ள வீடுகளுக்கு அந்த வழி அநேகமாக அடைபட்டது. நீர்நிலைகளில் பட்டா தரக்கூடாது என்பதில் உயர் நீதிமன்றம் உறுதியாக இருக்கிறது. அங்கே "போக மாட்டோம்" என்ற ஒரே வாதத்தோடு நிற்பது குடும்பங்களைக் கடைசி நாளில் எந்த ஏற்பாடும் இல்லாமல் விட்டுவிடும் என்பதால், எங்கே, எப்போது, என்னென்ன வசதிகளோடு என்பதைப் பேரம் பேசும் வலிமையைக் கட்டுவதே விவேகம்.

கோவையில் முத்தண்ணன் குளக்கரையிலிருந்து பெயர்ந்த குடும்பங்களும், உக்கடம் மேம்பாலத்துக்காக வீடுகளைக் காலி செய்ய நேர்ந்த சி.எம்.சி. காலனித் தூய்மைப் பணியாளர் குடும்பங்களும் நமக்குக் கற்றுத்தருவது, வாய்மொழி உறுதியை ஏற்காதே என்பதுதான். புதிய வீட்டின் எண்ணோடு ஒதுக்கீட்டு ஆணை, பயனாளி செலுத்த வேண்டிய பங்குத்தொகையும் அதன் தவணையும், இடைக்காலத்துக்கு வாடகை உதவி, குழந்தைகளின் பள்ளி மாற்றத்தைக் கருதி ஏப்ரல் இறுதிக்குப் பின்பே இடமாற்றம் என்பவை எழுத்தில் வர வேண்டும். முன்னறிவிப்பின்றியும் விசாரணையின்றியும் அகற்றுவதை 1985-ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமின்றி வழக்குரைஞர் உதவி கிடைக்கும்.

புதிதாகக் கட்டுவது

சொந்தப் பட்டா நிலம் இருந்தும் ஒழுங்கான வீடு இல்லாத குடும்பங்கள் வார்டில் சில இருக்கும். அவர்களைக் கணக்கெடுப்பிலிருந்து பிரித்தெடுத்து, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், 2024-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் விண்ணப்பிக்கச் செய்யலாம். மத்திய, மாநிலப் பங்குகள் சேர்ந்து 2.50 லட்சம் ரூபாய். மாநகராட்சி எல்லைக்கு வெளியே இன்னும் ஊராட்சியாகவே இருக்கும் பகுதியானால் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் பொருந்தும். 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். கோவையைச் சுற்றித் தெருவின் ஒரு பக்கம் மாநகராட்சியும் மறுபக்கம் ஊராட்சியுமாக உள்ள இடங்களில் இதைச் சரிபார்க்காமல் விண்ணப்பித்து அலைவது வீண்.

பலருக்குத் தெரியாத ஒரு வாய்ப்பு மனைப்பிரிவுகளில் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான மனைகளாக ஒதுக்கப்பட வேண்டும். அவற்றை ஒன்றிணைத்துப் பெரிய மனையாக்கக்கூடாது. அன்னூர், சூலூர், பல்லடம், அவிநாசி சாலைகளின் இருபுறமும் கொடி கட்டி விற்கப்படும் மனைப்பிரிவுகளின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் பார்த்து, அந்த மனைகள் எவை, யாருக்கு விற்கப்பட்டன, இன்று அங்கே என்ன நிற்கிறது என்பதைக் குழு கண்காணிக்கலாம். இது எரிச்சலூட்டும் வேலை. மனைத் தொழிலில் இருப்பவர்களின் பகையையும் தேடித்தரும். ஆயினும் எளியவருக்கு நிலம் கிடைக்கக்கூடிய இடங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

கூட்டாக நிலம் வாங்கும் துணிவு வந்தால் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கமே தகுந்த வடிவம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன்படி பதிவாகும். கொங்கு மண்ணுக்கு இது புதிதன்று: கைத்தறிக் கூட்டுறவு வேரூன்றிய சென்னிமலையில் நெசவாளர்களுக்கென்று எழுந்த 1010 காலனி இன்றும் அந்தப் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தறியும் வீடும் ஒரே இடத்தில் அமைந்ததால் அது வாழ்ந்தது. வேலையிலிருந்து பிரித்து அமைக்கும் காலனிக்கு அந்த உயிர் எளிதில் வராது. பாக்கி எச்சரிக்கைகள் வழக்கமானவை: மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், கோயில் நிலம், ஓடைப் புறம்போக்கு கலந்திருக்கக்கூடாது, அங்கீகாரம் இல்லாத மனையை, எவ்வளவு மலிவானாலும், தொடவே கூடாது.

சிறிய உரிமையாளர் தம் வீட்டின்மேல் ஒரு தளம் எழுப்பி வாடகைக்கு விடுவதை ஊக்குவிப்பதும் புதுக் கட்டுமானமே. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடி வரையிலான, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். உடன்படிக்கையில் கையெழுத்திட்ட உரிமையாளர்களுக்கு இந்த விண்ணப்பத்தைக் குழுவே நிரப்பிக் கொடுத்தால் நட்பும் வளரும், நான்கு வீடுகளும் கூடும்.

முதலாளிகளும் மாமன்றமும்

ஆட்களை வேலைக்கு அழைத்து வரும் கம்பெனிகள் அவர்களின் தங்குமிடத்தைத் தெருவின் தலையில் இறக்கிவிடுகின்றன. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்கள் வெளிநாட்டு வாங்குநரின் ஆய்வுக்கு அஞ்சுபவை. தொழிலாளர் விடுதியின் நிலை அந்த ஆய்வில் கேட்கப்படும் என்பதால், தெருவோரத் தகர அறைகளைப் பற்றிக் குழு எழுதும் கடிதத்துக்கு அங்கே மதிப்புண்டு. விடுதி கட்டு என்பதோடு, பூட்டி வைக்கும் விடுதியாக இருக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பெண்கள் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் கட்டாயம். வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதியை உங்கள் ஊரிலும் அமைக்கக் கோரும்போது, கணக்கெடுப்பில் தனித்து வாழும் பெண்களின் எண்ணிக்கையை இணைக்க வேண்டும்.

கோரிக்கைகளை எங்கே வைப்பது என்பதில் பலரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளோடு நின்றுவிடுகிறார்கள். தனிக் குடும்பத்தின் பட்டாவுக்கும் ஒதுக்கீட்டுக்கும் அது சரியான இடம். பொதுக் கழிப்பறை, குழாய், தெருவிளக்கு, லைன் வீட்டுத் தெருவின் சாக்கடை ஆகியவற்றுக்கு, 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் கூடத் தொடங்கிய பகுதி சபைதான் இடம். அங்கே கேட்பதோடு நில்லாமல் தீர்மானமாகப் பதியச் செய்து, நகல் வாங்க வேண்டும். நகரின் பத்து இருபது ஆண்டு வளர்ச்சியைத் தீர்மானிப்பது முழுமைத் திட்டம். கோவைக்கு 1994-இல் ஒப்புதலான திட்டத்துக்குப் பின் புதிய வரைவு 2024-இல்தான் வந்தது. அத்தகைய வரைவு வெளியானால் ஆட்சேபணைக்குக் கிடைக்கும் காலம் சொற்பம். எந்தச் சாலையோரம் வணிகப் பகுதியாக மாறுகிறதோ அந்தச் சாலையோரத்து லைன்களே முதலில் இடிபடும் என்பதால், வரைவின் வண்ண வரைபடத்தின்மேல் நம் கணக்கெடுப்பு வரைபடத்தை வைத்துப் பார்த்து, வீதிப் பெயரோடு, குடும்ப எண்ணிக்கையோடு எழுதும் ஆட்சேபணையே கவனிக்கப்படும்.

கணக்கெடுப்பை ஆண்டுதோறும் மே மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். பள்ளி திறக்கும் முன் குடும்பங்கள் வீடு மாறும் மாதம் அது. வாடகை உயர்வதும் அட்வான்ஸ் கைமாறுவதும் அப்போதுதான். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே தாள்களை அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஆட்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.